வெள்ளிக்கிழமை மட்டும் பொய் சொன்ன கம்ப்யூட்டர்

கெடா மாநிலத்து ஜெராய் மலையின் தலையில் அன்று காலை ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அப்படிப்பட்ட நாளில் மத்தியானத்துக்குள் தார் ரோடு இளகிவிடும் என்பது அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிடாம் கிரி தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்குப் பழைய மோரிஸ் மைனர் காரை ஓட்டிக்கொண்டிருந்த சிரிலுக்கு வெயில் ஏறும் முன்பே வியர்த்துக் கொட்டியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்தக் குறுகுறுப்பு மூன்று வாரமாக வாடகை கொடுக்காமல் அவன் சட்டைக்குள் குடியிருந்தது.

பக்கத்து இருக்கையில் ஜெனவீவ் அக்கா ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தார். அலோர் ஸ்டாரில் தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் வம்பையெல்லாம் கேட்டவர். வேலையை விட்ட பிறகும் கேட்கிற பழக்கம் விடவில்லை. அதற்குத் துப்பறிதல் என்று பெயர் வைத்துக்கொண்டார். போலீசுக்குப் போக வெட்கப்படுகிற விஷயங்களெல்லாம் அவர் வீட்டு வாசலுக்கு வரும். சிரில் பாசார் சந்தைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கடையில் கூட்டம் இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அக்காவுக்கு இந்தக் காடியை ஓட்டுவான். கூடவே வாயும் ஓட்டுவான்.

“ராக்காயி அக்கா குடுத்த இந்த ரம்புத்தான் கூடைதான் நமக்கு ஃபீஸாக்கா?” என்றான். “வேற துப்பறியும் ஆளுங்க கோட்டு போட்டுக்கிட்டு பைப்பு குடிக்கிறாங்க. நமக்கு எறும்பு கடிக்குது.”

“வாய மூடிக்கிட்டு கேஸைத் திரும்பச் சொல்லு. எங்கேயோ ஒரு நூலு தொங்குது, எனக்குப் பிடிபடல.”

சிரில் தொண்டையைச் செருமினான். “ராக்காயி அக்கா மக நவமணி. மெர்போக் மனோகரனுக்கு நிச்சயம் பண்ணியாச்சு. பொண்ணு ரோகிணி நட்சத்திரம்னு கோயில் ஐயர் எப்பவோ எழுதிக் குடுத்துட்டாரு. மாப்பிள்ளை வீட்ல மட்டும், எதுக்கும் தர்மலிங்கம் அண்ணன் கடையில கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாத்துருவோம்னாங்க. போனாங்க. கம்ப்யூட்டர் கேட்டை நட்சத்திரம்னு அடிச்சுக் குடுத்திருச்சு. கேட்டைப் பொண்ணு மூத்தவனுக்கு ஆகாதாம். மாப்பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருக்காரு. அவ்ளோதான், கல்யாணம் கோவிந்தா.”

“ஐயரை நம்பாம கம்ப்யூட்டரை நம்பிட்டாங்க.”

“ஐயரு மனுஷன், தப்பு பண்ணுவாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்ல? அதனால, கம்ப்யூட்டர்ல தட்டுன கைதான் பொய் சொல்லியிருக்கும்னு பிரேமாவதி தலையில கட்டிட்டாங்க. மனோகரன் மேல அவளுக்கே ஒரு கண்ணு, அதான் தட்டும்போதே மாத்தித் தட்டிட்டான்னு ஊரு முழுக்கப் பேச்சு.”

பிரேமாவதி என்ற பெயரைச் சொல்லும்போது சிரிலின் குரல் ஒரு கியர் இறங்கியது. தர்மலிங்கம் கடையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவள் அவள். இன்றைக்கு, இந்த வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்ததும், கடை சாமி படத்துக்கு முன்னால், ராக்காயி பார்க்கக் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. அணைத்தாலும் ஊர் பேசும், அணைக்காவிட்டாலும் ஊர் பேசும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள், எந்த வீட்டில் மருமகளாக நினைப்பார்கள்?

“பீடோங்குல ஒரு குடும்பம், யான்ல ஒரு குடும்பம், அங்கேயும் இதே மாதிரி தப்பா வந்திருக்கு,” என்றார் அக்கா. “பிரேமாவதிக்கு மூணு மாப்பிள்ளை மேலயுமா கண்ணு? அவளுக்கு வேற வேலை இல்லையா? சரி, மூணு குடும்பமும் என்னைக்குப் போனாங்க?”

“வெள்ளிக்கிழமை. கெடாவுல அன்னைக்குத்தான லீவு.”

“வெள்ளிக்கிழமை எப்ப?”

“ராகு காலம் முடிஞ்சதும். நல்ல நேரம் பொறந்த உடனே மொத ஆளா நிக்கணும்னு வாசல்லயே காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.”

“செவ்வாய்க்கிழமை போன ஆளு யாராச்சும் உண்டா?”

“செவ்வாய்க்கிழமை எவன் லா பொருத்தம் பாப்பான்? லாரி ஓட்டுற பக்கிரிசாமி மட்டும் போனான். அவனுக்கு அன்னைக்குத்தான் லீவு. அவனுக்கு எல்லாம் சரியா வந்து, இப்பப் பொண்டாட்டிகிட்ட அடி வாங்கிக்கிட்டு சந்தோசமா இருக்கான்.”

அக்கா உரித்த ரம்புத்தானை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “நேரம் பாத்துப் போனவங்களுக்கெல்லாம் பொய், பாக்காம போனவனுக்கு உண்மை. சிரில், பொண்ணு பொய் சொன்னா எந்தக் கிழமையும் சொல்லுவா. வெள்ளிக்கிழமை மட்டும் பொய் சொல்றது பொண்ணு இல்ல.”

சிரில் சிரிக்க முயன்றான். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவனுக்குத்தான் தெரியுமே. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை சாயங்காலம், தர்மலிங்கம் பினாங்குக்குப் போயிருந்த நேரம், பிரேமாவதி அவனைக் கூப்பிட்டாள். ஒரு ஜாதகம் போட இந்த மெஷின் நெடுநேரம் எடுக்கிறது, வெள்ளிக்கிழமை கூட்டம் தன்னைத்தான் திட்டுகிறது, கொஞ்சம் வேகமாக ஓட வைக்க முடியுமா அண்ணே என்று கேட்டாள். அந்த ‘அண்ணே’ மட்டும்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி மலையைப் புரட்டச் சொல்லியிருந்தாலும் புரட்டியிருப்பான்.

கம்ப்யூட்டருக்குள் கிரிஸ்டல் என்று தகர டப்பி போட்ட ஒரு சின்னச் சாமான் உண்டு. உறுமி மேளக்காரன் தாளம் போடுவது போல அது தாளம் போட, அந்தத் தாளத்துக்குத்தான் மெஷினின் மூளை கணக்குப் போடும். இருந்தது பன்னிரண்டு நம்பர் கிரிஸ்டல்; நம்பர் கூடினால் வேகமும் கூடும், சூடும் கூடும். சிங்கப்பூர் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றிப் படித்திருந்த சிரில், பதினாறு நம்பரைச் சொருகியிருக்கலாம்; விவரம் தெரிந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் பக்கத்தில் ஒரு பெண் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆம்பளை பதினாறோடு நிற்பான்? பதினெட்டைச் சொருகினான். மூடியைத் திறந்து போட்டு, மேசைக் காற்றாடியைப் பக்கத்தில் வைத்து, வெளியே மழை கொட்ட, ஒரே ஒரு ஜாதகம் போட்டுப் பார்த்தான். பறந்தது. பிரேமாவதி கை தட்டினாள். “யார்கிட்டயும் சொல்லாதே, மெஷினுக்கு கேரண்டி இருக்கு, தொறந்தது தெரிஞ்சா போயிரும்,” என்றான் அவன். அவள் தலையாட்டினாள்.

அவள் பெயர் சந்தி சிரித்த நாளிலிருந்து அவனும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்: கிரிஸ்டலால் இருக்காது, அன்றைக்கு நன்றாகத்தானே ஓடியது. இப்படிச் சொல்லிச் சொல்லியே மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டான். பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது என்று மூன்று ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. உடன்பிறந்த அக்கா அகத்தா கேட்டதற்கு வயிற்று வலி என்றான்.

தர்மலிங்கத்தின் ஜோதிடக் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. இவர்கள் படியேறும்போது ராகு காலம் தொடங்கிவிட்டது. தர்மலிங்கம் பட்டை பட்டையாக விபூதி பூசிய பெரிய மனிதர். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே கை கூப்பிக்கொண்டு சொல்லுகிற பக்தி அவருக்கு. மெஷினின் நெற்றியில் சந்தனப் பொட்டு. முதுகில் மல்லிகைச் சரம். அவர் ஒரு பச்சைப் பட்டுத் துணியை எடுத்து அதன் மேல் பயபக்தியோடு போர்த்திக்கொண்டிருந்தார்.

“குளிருதாண்ணே அதுக்கு?” என்றான் சிரில்.

“ராகு காலம் தம்பி. நல்லது சொல்ற வாயி, கெட்ட நேரத்தப் பாக்கக் கூடாது. பன்னெண்டு மணிக்குத்தான் துணிய எடுப்பேன்.”

“உள்ளார ஏதோ ஓடுற சத்தம் கேக்குதே,” என்றார் ஜெனவீவ். “ஆஃப் பண்ணிட்டுப் போத்தக் கூடாதா?”

தர்மலிங்கம் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். “வெள்ளிக்கிழமை எரியுற விளக்க யாராச்சும் அணைப்பாங்களாம்மா? நீங்க வேதக்காரவுங்க, சர்ச்சுக்குப் போறவுங்க, உங்களுக்குத் தெரியாது. காலையில ஏத்துனா சாயங்காலம் வரைக்கும் எரியணும்.”

“மேல ஃபேன் ஏன் சுத்தல?”

அவர் முருகன் படத்துக்கு முன்னால் எரிந்த அகல் விளக்கைக் காட்டினார். காற்றாடி சுற்றினால் விளக்கு அணைந்துவிடும். ஜன்னலும் அதே காரணத்தால் சாத்தியிருந்தது. அறை இட்லிச் சட்டியாய் வெந்துகொண்டிருந்தது.

“சாமிக்கு வேக்காடு தெரியாது,” என்று முணுமுணுத்தான் சிரில். “நமக்குத்தான் உயிர் போகுது லா.”

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. முருகன் படத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு சரமும் எங்க வாங்குனீங்க?”

“கீழே ராசாத்திகிட்ட. ஒரே சரந்தான், காலையில பாதியா அறுத்து அங்க ஒன்னு, இங்க ஒன்னு.”

முருகன் மேல் இருந்த மல்லிகை அப்போதுதான் பறித்தது போல இருந்தது. அக்கா பட்டைக் கொஞ்சம் தூக்கினார். மெஷினின் முதுகில், காற்று வெளியே வருகிற துளைகளை அடைத்துக்கொண்டு கிடந்த பாதிச் சரம் பழுப்பேறி வதங்கிப் போயிருந்தது. ஒரே செடி, ஒரே நார், ஒரே காலை. ஒரு பாதிக்கு மட்டும் வயதாகிவிட்டது. அக்கா அந்தப் பூவைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல மெஷினைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“சிரில், பூவ ஆவி வெக்கிற சூட்டுல நீ கணக்குப் போடுவியா?”

“நான் குளு குளுன்னு இருந்தாலே தப்பாத்தான் போடுவேன்கா.”

விளையாட்டாகச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வைத்த சோதனை அவன் கண் முன்னால் வந்து நின்றது. மழை. திறந்த மூடி. காற்றாடி. ஒரே ஒரு ஜாதகம். இந்த மெஷின் பிழைப்பு நடத்துகிற இடமோ இது: மூடிய ஜன்னல், அடைத்த துளை, பட்டுப் போர்வை, ராகு காலம் முழுக்க உள்ளேயே வேகிற வேக்காடு. வேகத்தை ஏற்றிய மூளை இந்தச் சூட்டில் மயங்கி நின்றுபோயிருந்தாலாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். இது நிற்கவில்லை. மயங்கிய நிலையிலேயே எழுந்து நின்று, நவமணியின் நிலாவைத் தூக்கி வேறு வீட்டில் வைத்துவிட்டது.

இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. மெஷினின் பின்பக்க ஸ்குரு ஒன்றின் தலையில் ஒரு சின்ன ரோஸ் நிறப் பொட்டு. ரிப்பேர் முடித்து மூடியதும் ஸ்குருவின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பது சிரிலின் தொழில் பழக்கம். வேறு யாராவது திறந்து குடைந்துவிட்டு அவன் தலையில் பழி போட்டால் காட்டிக் கொடுக்குமே என்பதற்காக. நகப்பூச்சு அகத்தாவினுடையது. ஊரான் பழியிலிருந்து தப்பிக்க வைத்த பொட்டு இன்றைக்கு அவனையே பார்த்து முறைத்தது. அவன் நகர்ந்து அதை மறைத்தபடி நின்றுகொண்டான். ஜெனவீவ் அக்கா அதற்குள் ஜன்னல் பக்கம் போயிருந்தார்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். வாயைத் திறந்தான். “அக்கா, தண்ணி ஏதாச்சும் குடிக்கிறீங்களா?” என்றுதான் வந்தது. அந்த நிமிடம் தன்னைப் போல ஒரு கோழை கெடா மாநிலத்திலேயே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ராக்காயி வந்துவிட்டாள். கூடவே தோட்டத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர். கடைசியில், தலை குனிந்தபடி, பிரேமாவதி. மூன்று வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள். சிரிலைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள். அவன் காலண்டரில் உள்ள படத்தை ஆராய்ச்சி செய்யத் தொடங்கினான்.

தர்மலிங்கம் பட்டை விலக்கித் தட்டில் கற்பூரத்தை வைத்தார். ஜெனவீவ் கையைத் தூக்கினார்.

“இருங்கண்ணே. பொண்ணு சத்தியம் பண்றதுக்கு மின்னாடி மெஷினு சத்தியம் பண்ணட்டும். நவமணி பொறந்த நாளு, நேரம் எல்லாத்தையும் நீங்களே உங்க கையால தட்டுங்க. பிரேமாவதி அந்தச் செவுத்துகிட்ட நிக்கட்டும்.”

தர்மலிங்கம் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்துக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு தட்டினார். பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்பியது. அவர் தாளைக் கிழித்துப் படித்தார். மறுபடி படித்தார்.

“கேட்டை,” என்றார்.

“ஐயோ, என் மவளே!” என்று ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா,” என்றார் ஜெனவீவ். “தட்டுனது யாரு? மொதலாளி. அப்ப மனோகரன் மேல மொதலாளிக்குத்தான் கண்ணு.”

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனவீவ் மளமளவென்று வேலை வாங்கினார். பூச்சரத்தை எடுக்கச் சொன்னார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அகல் விளக்கை அணைக்காமல் உள்ளறைக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, காற்றாடியைப் போடச் சொன்னார். “சிரில், நீ மூடியைக் கழட்டு.”

சிரில் ஸ்குரு டிரைவரை எடுத்தான். தான் வைத்த ரோஸ் பொட்டைத் தானே உடைத்தான். மூடி வந்தது, உள்ளேயிருந்து அடுப்பங்கரைக் காற்று அடித்தது. எல்லாரும் ஆளுக்கொரு கிளாஸ் ஐஸ் தண்ணீர் குடிக்கிற வரை அக்கா மெஷினை ஆற விட்டார். பிறகு தர்மலிங்கத்தை அதே பிறந்த நேரத்தை மறுபடி தட்டச் சொன்னார்.

தாள் வந்தது. தர்மலிங்கத்தின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. “ரோகிணி,” என்றார்.

ராக்காயி வாயைப் பிளந்து நின்றாள். “சூடுண்ணே, வெறும் சூடு,” என்றார் ஜெனவீவ். “வெள்ளிக்கிழமை பட்டு போத்தி, பூவால மூக்க அடைச்சு, ராகு காலம் முழுக்க வேக வெச்சு, ஆறுறதுக்கு முன்னாடி கேள்வி கேக்குறீங்க. நல்ல நேரத்துக்கு முண்டியடிச்சுக்கிட்டு வந்த மொத ஆளுக்குத்தான் அது ஒளறியிருக்கு. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

சிரிலுக்கு உயிர் திரும்பி வந்தது. பிரேமாவதி தப்பினாள். கிரிஸ்டலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவனும் தப்பினான்! பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் வந்து மாற்றிவிடலாம். இப்படி ஒரு நிம்மதி வந்ததற்காக அவனுக்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் தர்மலிங்கம் பக்திமானே ஒழிய முட்டாள் இல்லை.

“நில்லுங்கம்மா,” என்றார் மெதுவாக. “ரெண்டு வருசமா இதே பட்டுதான். இதே பூவுதான். இதே ராகு காலந்தான். அப்பல்லாம் பொய் சொல்லலையே! ரெண்டு மாசமாத்தான சொல்லுது?” அவர் குனிந்து மூடியைத் திருப்பினார். ஓரத்தில் மெஷினை விற்ற ஏஜெண்டு ஒட்டியிருந்த காகித முத்திரை எப்போதோ நடுவில் கிழிந்து, கிழிசலில் தூசி படிந்திருந்தது. “யாரோ தொறந்திருக்காங்க. உள்ள என்னமோ பண்ணியிருக்காங்க. கடைச் சாவி என்கிட்ட ஒன்னு, இவகிட்ட ஒன்னு. வேற யாருகிட்டயும் இல்ல.”

அறை முழுவதும் பிரேமாவதியின் பக்கம் திரும்பியது. இவ்வளவு நேரம் அவளைக் காப்பாற்றிய சூடு, ஒரே நிமிடத்தில் அவளுக்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டது.

“அப்ப வேணும்னே மெஷினக் கெடுத்து வெச்சிருக்கா பாவி!” என்றாள் ராக்காயி.

சிரில் ஜெனவீவ் அக்காவைப் பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் அக்காவிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். அக்காவோ ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையத்தில் என்னவோ அதிசயம் நடப்பது போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் தொறந்தேன்,” என்றாள் பிரேமாவதி.

“உனக்கு என்னாடி தெரியும் தொறக்க? கூட யாரு?” என்றார் தர்மலிங்கம்.

“யாரும் இல்லண்ணே. நான் மட்டுந்தான். வேகமா ஓடட்டும்னு பண்ணேன். யாரையும் கெடுக்கணும்னு நெனக்கல.”

தர்மலிங்கம் தீக்குச்சியைக் கிழித்துக் கற்பூரத்தைப் பற்ற வைத்தார். “அப்ப அணை. முருகன் மேல ஆணையா, நான் மட்டுந்தான், கூட யாரும் இல்லன்னு சொல்லி அணை. இல்ல, யாருன்னு சொல்லு.”

பொய்ச் சத்தியம் என்றால் என்னவென்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கற்பூரத்தில் பொய்ச் சத்தியம் செய்தால் குலம் விளங்காது என்று பால் குடிக்கும் போதே கேட்டு வளர்ந்தவள் அவள். உதடு அசைய, கண்ணை மூடிக்கொண்டு, பிரேமாவதி கையை நீட்டினாள்.

சிரில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மறுபடியும் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டிருப்பான். ஒரே எட்டில் போய், அவள் கைக்கு முன்னால் தன் கையைக் கற்பூரத்தின் மேல் பொத்தினான். சுரீரென்றது. கையை எடுக்கவில்லை.

“நான்,” என்றான். “நான்தான் தொறந்தேன். நான்தான் உள்ள வேகக் கிரிஸ்டலச் சொருகுனேன். அவ வேகமா ஓடுமான்னு கேட்டா, அவ்ளோதான். கேட்டது தப்பில்ல. ஒரு படி ஏத்தியிருந்தா போதும், நான் ரெண்டு படி ஏத்துனேன். ஏத்துனவன், மூடியைப் போட்டு, பட்டப் போத்தி, பட்டப் பகல் வெயில்ல நாள் பூரா ஓடவிட்டு, ஒரே ஜாதகத்தத் திரும்பத் திரும்பப் போட்டு, பதில் மாறுதான்னு பாத்திருக்கணும். நான் மழையில ஃபேன் காத்துல ஒரு தடவ பாத்தேன். பேரு வாங்கணும்னு அவசரம். என் பவிசுக்காக மூணு வீட்டுக் கல்யாணம் நின்னுச்சு. அதுக்கப்புறம் வாயத் தொறக்காம இருந்தேன் பாருங்க, அதான் பெரிய பாவம்.”

வேதக்காரப் பையன் ஒருவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ததை அந்தக் கடை முருகன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

அவன் சட்டைப் பையிலிருந்த சின்னத் தோல் உறையை எடுத்தான். செபமாலையோடு பழைய பன்னிரண்டு நம்பர் கிரிஸ்டலும் அதற்குள் கிடந்தது. தூக்கி எறிய மனம் வராமல் இரண்டு மாதமாகச் சுமந்தது. மெஷினை நிறுத்தலாம் என்று தர்மலிங்கம் தலையாட்டினார். சிரில் பதினெட்டைப் பிடுங்கிப் பழையதைச் சொருகி, மூடியைப் போட்டான். பிறகு அவனே பட்டைப் போர்த்தினான், வாடிய சரத்தைப் பழைய இடத்திலேயே வைத்தான், ஜன்னலைச் சாத்தினான், காற்றாடியை நிறுத்தினான். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை இப்போது ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்தான். எல்லாரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகு தர்மலிங்கம் தட்டினார். மெதுவாகத்தான் வந்தது. ரோகிணி என்றே வந்தது. மறுபடி தட்டினார், ரோகிணி. மறுபடியும் ரோகிணி.

ராக்காயி எழுந்து சிரிலின் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

“நாளைக்கு என்கூட மெர்போக்குக்கு வரணும்,” என்றாள். “இங்க சொன்னத அங்க, அவுங்க வீட்டுல, மாப்பிள்ளையோட அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அவுங்க ஒத்துக்கிட்டா என் மவ கழுத்துல தாலி ஏறும். இல்லேன்னா நீ எந்தக் கோயிலுக்குப் போனாலும் பிரயோசனம் இல்ல தம்பி.”

“வரேன்கா. பீடோங்குக்கும் போறேன். யானுக்கும் போறேன்.”

படியிறங்கும்போது ஜெனவீவ் அக்கா அவன் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். “என் வீட்டு ரேடியோ முதுகுலயும் அந்த ரோஸ் பொட்டு இருக்குது சிரில். போன வாரம் நான் தனியா இங்க வந்தப்பவே பாத்துட்டேன்.”

சிரில் படியிலேயே நின்றுவிட்டான். “அப்ப காடியில நூலு தொங்குதுன்னு சொன்னது?”

“உன்னத்தான்.”

“ஏன்கா நீங்களே சொல்லல?”

“நான் புடிச்சுக் குடுத்தா, ரெண்டு பேரும் சேந்து பண்ணாங்கன்னு ஊரு சொல்லும். நீயா வந்து சொன்னாத்தான் அவ பேரு தனியா நிக்கும். ஆனா, இவ்ளோ நேரம் எடுப்பேன்னு நான் நெனக்கல.” அக்காவின் குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது. அதைத் தாங்கிக்கொள்வது சிரிலுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அக்கா காடியை நோக்கி நடந்தார்.

பிரேமாவதி கீழே, படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்றிருந்தாள். சிரில் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மூன்று வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“என் பேரச் சொல்லியிருக்கலாம்ல?” என்றான்.

“சொல்லாதேன்னு நீங்கதான சொன்னீங்க.”

“அதுக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணுவியா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த பஸ் நிலையத்தைப் பார்த்தாள்.

“நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன்,” என்றாள். “மூணு வாரமா, கடை தொறந்ததுலேருந்து மூடுற வரைக்கும், இந்தப் படியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். சிரில் திரும்பி, அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படியைப் பார்த்தான்.